வேலை செய்ய முடியாத சொர்ணம் செய்த வேலை

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். சொர்ணம் விஷயத்தில் மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து இந்தத் தரும நியாயத்தை நான்கு வருஷம் இம்மியும் பிசகாமல் காப்பாற்றின.

போலியோவில் சூம்பிய அவளுடைய இடது காலைப் பார்த்து, இவள் வேலை செய்ய முடியாதவள் என்று தாலுக்கா ஆபீஸ் முடிவு செய்து மாதாமாதம் பென்ஷன் அனுப்பியது. அதே காலைப் பார்த்து, வேலை செய்ய முடியாதவளுக்கு ஒரு வேலை கொடுப்பதுதான் நியாயம் என்று டெலிபோன் இலாகா முடிவு செய்து, கன்னடச் சீமையின் ஈஜிபுராவில் ஓர் எஸ்.டி.டி. பூத்தை அவள் பேரில் ஒதுக்கியது. சம்பாத்தியம் இருந்தால் பென்ஷன் கிடையாது என்பது முதல் ஆபீஸின் நிபந்தனை. பூத்தில் சொர்ணமே உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டும், வேறு ஆள் உட்கார்ந்தால் பினாமி என்று லைனைப் பிடுங்கிவிடுவோம் என்பது இரண்டாம் ஆபீஸின் நிபந்தனை. ஆக, ஓர் அரசாங்கத்துக்கு அவள் சும்மா இருக்க வேண்டும். இன்னோர் அரசாங்கத்துக்குச் சும்மா இருக்கக் கூடாது. இருவர் மனமும் நோகாமல் சொர்ணம் நடந்துகொண்டாள். நடப்பதுதான் அவளுக்கு வராது என்று ஊரில் பேர்.

பூத் இருந்தது ஒரு கோழிக்கடைக்கும் ஒரு சலூனுக்கும் நடுவில். மேலே மஞ்சள் பலகை, உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் போன். வெளியே கவுண்டர், அதன் பின்னால் சொர்ணம், அவள் தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். சூம்பிய காலைத் தாங்க அவள் போட்டிருந்த இரும்புக் காலிப்பர் முட்டியில் மடங்காத பழைய மாடல். உட்கார்ந்தால் கால் துப்பாக்கி மாதிரி நேரே நீட்டிக்கொண்டு நிற்கும். கவுண்டர் செய்த ஆசாரி இதை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, முன்பலகையில் சதுரமாக ஓர் ஓட்டை போட்டார். அந்த ஓட்டை வழியாக அவளுடைய பூட்ஸ் வாடிக்கையாளர் பக்கம் எட்டிப் பார்க்கும். புதிதாக வருகிறவர்கள், கீழே விழுந்த சில்லறைக்குக் குனிந்தால், ஆளில்லாமல் ஒரு பூட்ஸ் நிற்பதைக் கண்டு திடுக்கிடுவார்கள். பழகியவர்கள் மழைநாளில் அதன் மேல் குடையைச் சாய்த்து வைப்பார்கள்.

அந்த நாட்களில் பேசுவது என்பது ஒரு கூட்டு முயற்சி. பொம்மசந்திரா கம்பெனிகளில் ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு அரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மா இருப்பாள்; போன் அங்கே ஒரு மளிகைக் கடையில் இருக்கும். முதலில் கடைக்குப் போட்டு, "எங்கம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கண்ணா" என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிட வேண்டும். அம்மா நடந்து வருகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். பிறகு மறுபடி போட வேண்டும். எந்த ஊரில் அம்மா வீடு கடைக்குப் பக்கம், எந்த ஊரில் வயலிலிருந்து வர வேண்டும் என்பதெல்லாம் சொர்ணத்துக்குத் தெரியும். "இப்ப போடாத, இன்னும் கால்வாய் தாண்டியிருக்க மாட்டாங்க" என்பாள். அந்தக் கால்வாயை அவள் பார்த்தது கிடையாது.

கண்ணாடிக் கூண்டு மானத்துக்காக வைத்தது. ஆனால் தூரத்து ஊருக்குப் பேசுகிறவன் தூரத்துக்குக் கேட்கிற மாதிரிதானே கத்துவான், தெருவே கேட்கும். கெட்ட சேதி வந்து யாராவது உள்ளே உடைந்து அழுதால், சொர்ணம் பக்கத்திலிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவாள். ஈஜிபுராவில் அந்த ரேடியோ திடீரென்று அலறினால், பாட்டு நல்ல பாட்டு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் பென்ஷனை அவள் ஏன் விடவில்லை என்று கேட்டால், பணத்துக்காக என்று சொல்வது சுலபம். அது காபிப்பொடிக்கும் சோப்புக்கும் ஆகிற பணம்தான். விஷயம் வேறு.

அவள் அப்பா பெருமாள்சாமி பொம்மசந்திராவில் வாட்ச்மேன். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும், உப்பு மூட்டை தூக்குகிற மாதிரி முதுகில் தூக்கிக்கொண்டு தாலுக்கா ஆபீஸ் படியேறினார். நடக்க முடியாதவர்களுக்கான பிரிவு மாடியில் இருந்தது. வயசுப் பெண்ணை அப்பன் முதுகில் சுமப்பதைப் பார்த்து வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சொர்ணம் முகத்தை அவர் சட்டைக்குள் புதைத்துக்கொண்டாள். பென்ஷன் வந்து சேர்ந்தது. பூத் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அண்ணன் வீட்டில், அண்ணி மரகதத்தின் வாய்க்குக் கீழே வாசம்.

மாதம் ஒரு முறை தபால்காரர் கிருஷ்ணப்பா தெருமுனையில் சைக்கிள் மணியடித்து, பாதிக் கன்னடம் பாதித் தமிழில் சத்தம் போடுவார்.

"பெருமாள்சாமி மகளு சொர்ணம்மா! மணியார்டர்!"

பாரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். அவர் எழுதியிருப்பதைப் படிக்கிறார், அவ்வளவுதான். ஆனால் செத்துப்போன ஒரு வாட்ச்மேனின் பேர் ஈஜிபுராவில் சத்தமாகக் கேட்பது அந்த ஒரு நாள்தான். சொர்ணம் கையெழுத்துப் போடுவதற்கு வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள். மரகதம் உள்ளேயிருந்து, "எங்க வீட்டு ஜில்லா கலெக்டருக்குச் சம்பளம் வந்தாச்சு" என்பாள்.

ஆக, சொர்ணத்துக்கு இரண்டும் வேண்டும். நாற்காலியும் வேண்டும், அந்தக் குரலும் வேண்டும். இதற்குத் தெருவே சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தது.

தெருமுனையில் கீரை விற்கும் சின்னத்தாயிதான் காவல். வருஷத்துக்கு ஒரு தரம் தாலுக்கா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பென்ஷன்காரர்களை வீட்டில் வந்து பார்ப்பார். அவர் வருவது மொபெட்டில். டெலிபோன் இலாகாக்காரர்கள் வருவது ஜீப்பில். ஜீப் வந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சொர்ணம் இருக்கிற இடத்தில் இருந்தால் போதும். பையைத் தொங்கவிட்டுக்கொண்டு மொபெட் வந்தால், சின்னத்தாயி "முருங்கைக்கீரே!" என்று கூவ வேண்டும். அவள் முருங்கைக்கீரை விற்பதே இல்லை. இல்லாத கீரையைக் கூவினால், மரகதம் பின்வாசல் வழியாக வந்து பூத்தில் உட்காருவாள். சொர்ணம் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய், காலிப்பரைக் கழற்றிக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, பாயில் உட்கார்ந்து பரிதாபமாக இருப்பாள். பரிதாபம் அவளுக்குச் சரியாக வராது. முதல் வருஷம் வந்த இன்ஸ்பெக்டருக்கு, அவர் விசிறிக்கொள்வதைப் பார்த்து, "ஃபேனை ரெண்டுல வையுங்க சார், மூணுல காத்து வராது" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டாள்.

தொண்ணூற்றாறு மார்ச். மார்ச் என்பது, வருஷம் பூராவும் செய்யாததை அரசாங்கம் செய்து முடிக்கிற மாதம். காலையில் மொபெட் ஒன்று தோல்பையுடன் திரும்பியது. சின்னத்தாயி தொண்டை கிழியக் கூவினாள். எதிர்வீட்டு அம்மாள் கிண்ணத்தோடு கீரை வாங்க வந்து திட்டு வாங்கிக்கொண்டு போனாள். மரகதம் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் வந்து விழுந்தாள். சொர்ணம் வீட்டுக்குப் போய்க் காலிப்பரைக் கழற்றினாள். எல்லாம் ஒத்திகைப்படி நடந்தது.

மொபெட்டில் வந்தவர் மட்டும் ஒத்திகைப்படி வரவில்லை. அவர் டெலிபோன் இலாகாவின் ரெமிஜியஸ். ஜீப் ரிப்பேர், சொந்த மொபெட்டில் வந்திருந்தார்.

"யார் பூத்மா இது?"

தாலுக்கா இன்ஸ்பெக்டர் கேட்டால் என்ன சொல்வது என்று மரகதத்துக்கு நான்கு வருஷமாகப் பாடம். ஒரு தடவைகூட மேடை கிடைத்ததில்லை. இதுவரை வந்த இன்ஸ்பெக்டர்கள் எல்லாம் நேரே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"நம்மளுதுதான் சார்."

"அலாட்மெண்ட் சொர்ணம்னு ஒரு ஹேண்டிகேப்டு லேடி பேர்ல இருக்கே?"

"ஐயோ, அது எங்க நாத்தனாருங்க. பாவம், அவளால இன்னா சார் ஆவும்? ஒரு மூலைல கெடக்குது. குளிப்பாட்றதுகூட நான்தான். இந்தக் கடைப்பக்கம் அது ஒருநாளாவது எட்டிப் பாத்திருக்குமா? போன்ல எந்தப் பக்கம் காது, எந்தப் பக்கம் வாய்ன்னுகூட அதுக்குத் தெரியாது."

கடைசி வரி பாடத்தில் இல்லாதது. உற்சாகத்தில் வந்தது. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவும் பாடத்தில் இல்லை.

ரெமிஜியஸ் பைக்குள்ளிருந்து ஒரு பாரத்தை எடுத்தார். "நல்லா ஓப்பனாவே சொல்லிட்டீங்க. நான் டெலிபோன்ஸ்லருந்து வர்றேன். இன்னைக்கே லைனைக் கட் பண்ணி, பூத்தைப் பூட்டணும். சாவி எங்க?"

மரகதத்தின் வாய் திறந்தபடி நின்றது. ஈஜிபுரா அந்தக் காட்சியை முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

இதே நேரத்தில் வீட்டில், பஸ்ஸில் வந்து இறங்கி வியர்வையோடு நடந்து வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஹனுமந்தராயப்பா, முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மொபெட் அவருக்கும் ரிப்பேர். சொர்ணம் பாயில் இருந்தாள். சூம்பிய கால் பாவாடைக்குள் கிடந்தது.

"பெருமாள்சாமி மகள் சொர்ணம், நீனேனா?"

"ஆமா சார்."

"வேலை கீலை ஏதாவது செய்றியாம்மா?"

இல்லை சார் என்பது இரண்டே சொல். மூன்று வருஷம் சொன்னதுதான். வாயெடுப்பதற்குள் வாசலில் சின்னத்தாயி வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"அடியே சொர்ணம்! அவன் போன்காரன்டி! மொபெட்ல வந்துட்டான்டி பாவி! உங்க அண்ணி எல்லாத்தையும் கொட்டிட்டா. பூத்தைப் பூட்டிட்டுப் போறேங்கறான்!"

அப்புறம்தான் முக்காலியில் ஒருவர் இருப்பதைப் பார்த்தாள். பார்த்து, இந்தச் சமயத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், "முருங்கைக்கீரே" என்றாள் சன்னமாக.

"பூத்தா? என்ன பூத்து?" என்றார் ஹனுமந்தராயப்பா.

சொர்ணம் கணக்குப் போட்டாள். பாயிலேயே இருந்தால் பென்ஷன் தப்பும், பூத் போகும். நாற்காலி, பெஞ்சு, பார்த்தறியாத கால்வாய், எல்லாம் போகும். பிறகு இந்தப் பாய்தான். இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் இல்லை, எல்லா நாளும். எழுந்து போனால், தெருமுனையில் அப்பா பேரை அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கட்டிலடியில் கைவிட்டுக் காலிப்பரை இழுத்தாள். இரும்பு தரையில் கரகரத்தது. அவர் எதிரிலேயே தொடைப் பட்டையைக் கட்டினாள், முட்டிப் பட்டையைக் கட்டினாள், பூட்ஸின் கயிற்றை இறுக்கினாள். அது அவசரமாகச் செய்கிற காரியமே இல்லை. ஹனுமந்தராயப்பா தம்ளரைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போறே?"

"வேலைக்கு சார்."

சந்தில் அவள் முன்னால், டக், சர்ர், டக், சர்ர் என்று போனாள். பின்னால் அரசாங்கம், தம்ளரைக் கீழே வைக்க மறந்து, நடந்தது.

பூத்தில் அதற்குள் கூட்டம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவன் எதுவும் தெரியாமல் தங்கச்சி கல்யாணத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்தவர்கள் ரெமிஜியஸைச் சூழ்ந்திருந்தார்கள்.

"எழுந்திருங்க அண்ணி" என்றாள் சொர்ணம். மரகதம் துள்ளி எழுந்தாள்.

சொர்ணம் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பி, நாற்காலியில் இறங்கி, காலைத் தூக்கி ஓட்டைக்குள் விட்டாள். பூட்ஸ் ரெமிஜியஸின் பக்கம் வந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார். ஓட்டையின் விளிம்பு, கால் உராய்ந்து உராய்ந்து, கோயில் படி மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்தார். ஒருநாளும் கடைப்பக்கம் வராத காலுக்கு இவ்வளவு தேய்மானம் வராது.

"அப்ப இவங்க ஏன்மா, உங்களால ஒண்ணும் ஆகாதுன்னாங்க?"

"அது உங்களுக்குச் சொன்னது இல்ல சார்." சொர்ணம் தம்ளரோடு நின்றவரைக் காட்டினாள். "அவருக்குச் சொன்னது."

இரண்டு இன்ஸ்பெக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலது கையும் இடது கையும் முதல் தடவையாகச் சந்தித்துக்கொண்டன. கன்னடத்தில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டன. இரண்டு பேருக்கும் ஒரே சிக்கல்தான்: கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும்.

ஹனுமந்தராயப்பா நல்ல மனுஷர். தொண்டையைச் செருமினார். "நோடம்மா, நான் எதையும் பாக்கல. நீ ரெண்டு நிமிஷம் எழுந்து வீட்டுக்குப் போ. நான் மறுபடி அங்க வந்து பாத்துட்டு, வேலை இல்லைன்னு எழுதிக்கறேன். ஆயித்தா?"

"அது முடியாது சார்" என்றார் ரெமிஜியஸ், வருத்தத்தோடு. "அவங்க எழுந்து போனா, நான் ஸீட்ல ஆள் இல்லைன்னு எழுதணும்."

எல்லோரும் சொர்ணத்தைப் பார்த்தார்கள். மரகதம் மட்டும் கோழிக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒக்கார்றதுக்கும் எழுந்திருக்கறதுக்கும் ரொம்ப நேரம் ஆவும் சார்" என்றாள் சொர்ணம். "ஒக்காந்துட்டேன்."

ஹனுமந்தராயப்பா பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்போது கூண்டிலிருந்தவன் பேசி முடித்துக் கதவைத் திறந்தான். சொர்ணம் மீட்டரைப் பார்த்து அவனுக்கு பில்லைக் கிழித்துக் கொடுத்தாள். பிறகு பக்கத்திலிருந்த ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். அன்றைக்குக் கூண்டுக்குள் யாரும் இல்லை.

சொர்ணம் வேலை செய்யும் திறன் உள்ளவள் என்று தாலுக்கா ஆபீஸ் பதிவு செய்து பென்ஷனை நிறுத்தியது. அவளைப் பற்றி அரசாங்கம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை தண்டனையாக வந்தது. மரகதம் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அது வீட்டுக்குக் கிடைத்த நஷ்ட ஈடு. எட்டாம் நாள், "காதும் வாயும் தெரியாதுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள், சாம்பாரைப் பார்த்து.

அடுத்த மாதம் தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது.

"பெருமாள்சாமி மகளு சொர்ணம்மா!"

பூத்தில் இருந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கிருஷ்ணப்பா சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அய்யோ, நிந்து போயிடுச்சில்ல? பழக்கதோஷம்மா. மறந்துட்டேன்."

அதற்கடுத்த மாதமும் மறந்தார். அதற்கடுத்த மாதமும். ஈஜிபுராவின் எல்லா வீட்டு எண்களையும், எந்த வீட்டு மாடியில் யார் புதிதாகக் குடிவந்தார்கள் என்பதையும் மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு, இந்த ஒன்று மட்டும் ரிட்டையர் ஆகிறவரை நினைவில் நிற்கவே இல்லை. மறதி வந்த நாட்களில் அவருக்குச் சொர்ணத்தின் கணக்கில் டீ.

பிறகு செல்போன் வந்தது. முதலில் பெஞ்சு காலியானது. அப்புறம் கூண்டு. கோழிக்கடைக்காரன் கையிலேயே போன் வந்த அன்றைக்கு, சொர்ணம் அவனிடம், "இனிமே எங்கிட்டச் சில்லறை கேக்கவாவது வா" என்றாள். அவன் வந்தான், சில காலம். இரண்டாயிரத்து ஆறில் இலாகாக்காரர்கள் மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கவுண்டரின் முன்பலகையை மட்டும் மரகதம் விடாமல் வீட்டுக்குத் தூக்கி வந்து அடுப்பு மேடையாக்கினாள். அந்த ஓட்டை வழியாக இப்போது கேஸ் குழாய் போகிறது.

சொர்ணம் மறுபடி பென்ஷனுக்கு எழுதிப் போட்டாள். புது இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார். "தொண்ணூத்தாறுல வேலை செய்யற அளவுக்கு நல்லா இருந்திருக்கீங்களே. இப்ப என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல சார். வேலைக்குத்தான் ஒடம்பு சரியில்லாமப் போச்சு."

அவர் சிரித்தாரா, சட்டத்தில் இடம் பார்த்தாரா தெரியாது; பென்ஷன் திரும்பி வந்தது. இரண்டு அரசாங்கமும் ஒருவழியாகச் சொர்ணத்தைப் பற்றி ஒரே அபிப்பிராயத்துக்கு வந்திருக்கின்றன. பணம் இப்போது பேங்குக்குப் போகிறது. மணி இல்லை, கையெழுத்து இல்லை, யார் மகள் என்று யாரும் சத்தம் போடுவதில்லை. சொர்ணம் பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் தனியாகப் பேசிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறாள். யாருக்கும் கூண்டு தேவைப்படவில்லை. யாராவது போனில் அழுதுகொண்டு போனால் மட்டும் அவள் கை பக்கவாட்டில் எதையோ திருகத் தேடுகிறது.

மாதப் பிறப்பில், சமையலறையிலிருந்து ஒரு குரல் தெருவுக்கே கேட்கிற மாதிரி வரும்.

"பெருமாள்சாமி மகளே! சொர்ணம்மா!"

"இன்னா அண்ணி, மணியார்டரா?"

"ரசம். ஆறிப் போவுது, வா."